கேன் தண்ணீரில் ஈயம் இருந்தால் டிடிஎஸ் மீட்டர் காட்டுமா?

கேள்வி (கடலூர் முதுநகர்):
வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற ஒருவரிடம்தான் மூன்று வருடமாக 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். கேனில் லேபிளே கிடையாது. ஈயம் இருக்குமோ என்று கேட்டால் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) தண்ணீரில் விட்டு "60தான் இருக்கு, பாருங்க" என்கிறார். நான் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன், அது போதுமா?

பதில் (புதுச்சேரி):
அக்கா, நான் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். அந்த மீட்டரை வைத்து ஈயத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. 60 என்றால் லிட்டருக்குச் சுமார் 60 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கணக்கு, ஈயத்துக்கு இருக்கிற வரம்போ வெறும் 0.01 மில்லிகிராம், அதைப்போல பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதனால் அதை நிறுத்த வேண்டாம். ஆனால் உலோகம் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது அது இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகத்தான் ஆகும்.

சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும். மூளை வளர்ச்சி, படிப்பு எல்லாம் பாதிக்கும், பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனமே எதையும் சொல்லவில்லை. ஈயம் மட்டுமல்ல, காட்மியம் என்றால் சிறுநீரகம் பாதிக்கும், ஆர்சனிக் என்றால் வருடக்கணக்கில் குடித்தபிறகு தோலில் மாற்றம், புற்றுநோய்.

என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபில் தண்ணீரைக் கொடுங்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், சாதாரணப் பரிசோதனையில் பெரும்பாலும் இவை வராது. தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் பாட்டிலையும் லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
ரிசல்ட் வரும்வரை அந்தக் கேனை நிறுத்திவிடுங்கள். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிற கேனாக வாங்கி, அந்த எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) தளத்தில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்களையும் தவிர்த்துவிடுங்கள். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் செய்ய ஆன்டிமனி என்ற பொருளைச் சேர்ப்பார்கள், சூடு ஏற ஏற அது தண்ணீரில் கசிவது கூடும். நம்மூர் மே மாத வெயிலில் மூடிய கார் என்ன கொதி கொதிக்கும் என்று தெரியும்தானே, அதில் கிடந்த பாட்டிலைக் குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நாளையிலிருந்து வேறு கேன்தான். ஆனால் மூன்று வருடம் குடித்தாயிற்றே, குழந்தைக்கு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பதில் (புதுச்சேரி):
ரத்தத்தில் ஈயம் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் இதையெல்லாம் அப்படியே சொல்லிக் கேளுங்கள், தண்ணீர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.