நிறுத்தாமல், வரிசை மாற்றாமல் நீங்கள் கடைசியாகக் கேட்ட ஆல்பம் எது?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலூர். வேலை சென்னையில். காலையில் காட்பாடியில் வண்டி ஏறினால் சென்ட்ரல் வரை கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு இரண்டு மணி நேரம். இந்த நேரத்தை இரண்டு வருஷமாகப் பாட்டுக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதுவும் சினிமாப் பாட்டு இல்லை, தனி ஆல்பங்கள். ஒரு நாளைக்கு ஒன்று, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மாமா லாங் பஜார் பக்கம் கேசட் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். ஜனங்கள் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்து 60 நிமிடக் கேசட்டோ 90 நிமிடக் கேசட்டோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமா அந்தப் பட்டியலை அப்படியே பதிவு செய்யமாட்டார். உட்கார்ந்து வரிசையை மாற்றி எழுதுவார். "ஒரு பாட்டு முடிஞ்ச எடத்துல இன்னொரு பாட்டு வந்து கையப் புடிக்கணும்டா" என்பார். ஏ பக்கம் எதில் முடிய வேண்டும், பி பக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று மட்டும் கால் மணி நேரம் யோசிப்பார். இன்று எவ்வளவு பாட்டுகள் வந்தாலும் அந்த யோசனையோடு செய்த ஆல்பத்தைத்தான் என் காது தேடுகிறது.

அப்படி எனக்குக் கிடைத்தது 2019-இல் வந்த 'தெருக்குறள்'. ராப் பாடகர் அறிவு எழுதிப் பாடி, ஆஃப்ரோ இசையமைத்தது. வந்தபோது ஒன்றிரண்டு பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். முழுசாகக் கேட்டது போன வருஷம்தான். காட்பாடியில் போட்டேன், அரக்கோணம் வருவதற்குள் முடிந்துவிட்டது. அறிவுக்கும் அரக்கோணம்தான் சொந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் இறந்த ஸ்னோலினின் பெயரையே வைத்து அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அது வரும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்டால் சொல்ல என்னிடம் வார்த்தை இருந்திருக்காது.

அப்புறம் அதே அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'யை எடுத்தேன், 2024-இல் வந்தது. பன்னிரண்டு பாட்டுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த தன் பாட்டியின் பெயரைத் தன் ஆல்பத்துக்கே வைத்திருக்கிறார். 2021-இல் ஊரெல்லாம் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் வந்த அதே வள்ளியம்மா பாட்டிதான். என் பாட்டி குடியாத்தத்தில் பீடி சுற்றினவர். மடியில் முறம், விரலில் புகையிலை வாசனை, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு. அவர் பாடின எதையும் நாங்கள் பதிவு செய்து வைக்கவில்லை. வீட்டிலேயே கேசட் கடை இருந்தும் செய்யவில்லை. இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது அதுதான் மனதில் நின்றது.

ஆனால் ஒன்று. 'தெருக்குறள்' எனக்குச் சொல்லுக்காக இசை ஒதுங்கி நின்ற மாதிரி இருக்கிறது. புதியதில் இசை பெரிதாகிவிட்டது, சில இடங்களில் சொல்லை மூடுகிறது. என் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். "நல்லாதான் கீது, ஆனா இன்னா சொல்றாருன்னு பாதி புரியலியே" என்றார். யாருக்காகப் பாடப்பட்டதோ அவர்களுக்குச் சொல் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்கள் சமீபத்தில் முழுசாகக் கேட்டது எது? எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது? ஒரு வரியில் சொல்லாமல் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

முகவீணை:

தம்பி, நான் செய்யாறு பக்கம். பழைய வடஆற்காடுதான். தெருக்கூத்து ஜமாவில், அதாவது குழுவில், முப்பது வருஷமாக ஹார்மோனியம் வாசிக்கிறேன். ஆல்பம் கேட்கிற பழக்கத்தை என் மகன்தான் ஏற்படுத்தினான்.

வரிசையைப் பற்றி உங்கள் மாமா சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு ராத்திரி ஆரம்பித்தால் விடியும் வரை. முதலில் களரி கட்டுவோம். வேஷம் எதுவும் வராது. மேளம், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், ஹார்மோனியம், தாளம் மட்டும். எங்கேயோ வயலில் இருப்பவனுக்கும் இன்றைக்கு இங்கே கூத்து என்று தெரிந்துவிடும். அப்புறம் கதையை அறிவித்துச் சிரிக்கவைக்கிற கட்டியங்காரன். அப்புறம் திரையைப் பிடிப்பார்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்றே பாடுவார், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். குரல் முதலில், முகம் பிறகு. ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவது அந்த நேரத்தில்தான்.

இப்போது வருகிற ஆல்பங்களில் முக்கால்வாசி, முதல் நொடியிலேயே திரையை விலக்கிவிடுகிறது. எல்லா வாத்தியமும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில். அதற்கு மேல் ஏற இடமே இல்லை. விடிகாலை நாலு மணிக்கு அடிக்க வேண்டிய அடியை ராத்திரி பத்து மணிக்கே அடித்துவிட்டால் மிச்ச ராத்திரிக்கு என்ன செய்வது?

இன்னொரு வருத்தமும் உண்டு. பறை. ஆல்பத்தில் பறை வருகிறது என்றால் ஆசையாகக் கேட்பேன். பறையை இரண்டு குச்சியால் அடிப்பார்கள். ஒன்று தடித்த அடிக்குச்சி, இன்னொன்று மெலிந்த சிண்டுக்குச்சி. அடிக்குச்சி நெஞ்சில் விழும். சிண்டுக்குச்சிதான் பேசும். பதிவில் பெரும்பாலும் அடிக்குச்சி மட்டும்தான் கேட்கிறது, சிண்டுக்குச்சி கிடாருக்கு அடியில் போய்விடுகிறது. நடுநடுவே தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவார்கள் இல்லையா, காய்ச்சினதும் வருகிற சத்தமே வேறு. கம்ப்யூட்டரில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அந்த ஏற்றம் எங்கிருந்து வரும்?

எல்லோரையும் சொல்லவில்லை. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்ததே, மகன் என்னைக் கூட்டிப் போனான். பறை, கானாக்காரர்கள் அடிக்கிற சட்டி, கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில். சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கி வைத்ததையெல்லாம் நடு மேடையில் விளக்கு போட்டு நிறுத்தியிருந்தார்கள். அன்று சிண்டுக்குச்சி கேட்டது. அதை நான் மறக்கமாட்டேன்.

சத்துவாச்சாரி அக்கா:

எனக்கு ராப் பிடிபடவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோபம் நியாயம்தான். ஆனால் நான் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்குக் காதில் வேறு ஏதாவது வேண்டியிருக்கிறது.

நான் முழுசாகக் கேட்டது பாடகி கானவ்யாவின் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', 2024-இல் வந்தது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஹூஸ்டனில் கூடிப் பாடி வாசித்துப் பதிவு செய்தது. ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற ஜாஸ் கலைஞருக்குச் செய்த காணிக்கை என்று படித்தேன். ஜாஸ் என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பஜனை தெரியும். மார்கழியில் விடியற்காலை தெருவில் பாடிக்கொண்டு போவார்களே, அதில் யாராவது ஒருவருக்குச் சுருதி விலகும், யாராவது இருமுவார்கள், ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒன்றாக நகரும். அந்த மாதிரி ஒரு கூட்டம் இந்த ஆல்பத்துக்குள் இருக்கிறது. மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது.

ஒரு நாள் நைட் டியூட்டி. பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா விடிகாலையில் போய்விட்டார். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. ஆட்டோவில் கோட்டைக்குப் போய், அகழி ஓரம் உட்கார்ந்து இதைக் கடைசி வரை கேட்டேன். அழுகை வந்தது, போனது. அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போய்த் தோசை ஊற்றினேன். பாட்டு எப்படி என்று விளக்கிச் சொல்ல எனக்கு வராது. அன்று அது எனக்குத் துணைக்கு இருந்தது.

ராணிப்பேட்டை ரவுண்டானா:

பாலாற்றங்கரை அண்ணா, சொல் புரியவேண்டும் என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் 2021-இல் போட்ட 'மேட் இன் ஜாஃப்னா'வைக் கேட்டிருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். பெரும்பாலும் ஆங்கிலம்தான், படுவேகம். எனக்கு முதல் தடவை கால்வாசிகூடப் புரியவில்லை. ஆனால் அவரும் மிருதங்கக் கலைஞர் யாஞ்சனும் சேர்ந்து மிருதங்கத்துக்கு ராப் செய்த வீடியோக்களை முன்பே பார்த்திருந்தேன். மிருதங்க அடியை வாயால் சொல்கிற சொற்கட்டும் ராப்பும் ஒரே நடையில் போகும். அந்தப் பழக்கத்தில் இதையும் விடாமல் கேட்டேன். மூன்றாம் தடவை அகராதியோடு உட்கார்ந்தேன். புரியாததுதான் என்னை உட்காரவைத்தது. எல்லாம் முதல் தடவையே புரிந்துவிட்டால் நான் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன்.

அம்மாவுக்கு இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள் அண்ணா. இந்தத் தடவை போனில் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில்.

பாலாற்றங்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, காரணம் நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

ராணிப்பேட்டைத் தம்பி சொன்னபடி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பழைய ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்து, வயரை மாற்றிக் கட்டி, 'வள்ளியம்மா பேராண்டி'யை முழுசாகப் போட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். போனின் சின்ன ஸ்பீக்கரில் இரைச்சலாகத் தெரிந்தது பெட்டியில் பிரிந்து நின்றது. அடித்தாளம் தரையில், குரல் மேலே. அதனால் இசை சொல்லை மூடுகிறது என்று நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பாட்டைக் கேட்கவேண்டிய பலரிடம் இருப்பது அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். கலவை செய்கிறவர்கள் ஒரு தடவையாவது அதில் போட்டுக் கேட்க வேண்டும்.

அக்கா, நீங்கள் சொன்ன ஆல்பத்தை வண்டியில் கேட்டது என் தப்பு. வாலாஜா ரோடு தாண்டுவதற்குள் சமோசா விற்பவரும் டீக்காரரும் நாலு தடவை குறுக்கே வந்துவிட்டார்கள். ராத்திரி மொட்டை மாடியில் மறுபடி கேட்டேன். சில ஆல்பங்களுக்கு இடம் வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பாடகர் கபேர் வாசுகியின் 'அழகு புரட்சி', 2012-இல் வந்தது. கோபம் அதிலும் உண்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். காலி நாளில் கேளுங்கள்.

முகவீணை ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எந்த ஆல்பத்தைப் போட்டாலும் களரி கட்டுகிறார்களா என்றுதான் பார்க்கிறேன். 'தெருக்குறளை'யும் அந்தக் காதோடு மறுபடி கேட்டேன். சிண்டுக்குச்சியையும் தேட ஆரம்பித்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஜமா ஆடுகிற ஒரு ராத்திரி முழுவதையும், களரி கட்டுவதிலிருந்து விடிகிற வரை, நான் பதிவு செய்யலாமா? நல்ல ரெக்கார்டர் ஒன்று நண்பரிடம் இருக்கிறது, இரவல் தருவார். வெட்டமாட்டேன், வரிசை மாற்றமாட்டேன், எங்கேயும் போடவும் மாட்டேன். பதிவு உங்கள் ஜமாவுக்கே. பாட்டியின் குரலை விட்டுவிட்ட மாதிரி இதையும் விட எனக்கு மனசு வரவில்லை.

முகவீணை:

பங்குனி கடைசியில் பாரதக் கூத்து தொடங்கும். சூதாட்டமும் பாஞ்சாலி துகிலுரிவதும் வருகிற பகடை துகில் ராத்திரிக்கு வாருங்கள் தம்பி. ஜமாவை நடத்துகிற வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். ஒன்று மட்டும் சொன்னார்: மைக்கை எனக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாதாம், மேளக்காரரின் இடது கைப் பக்கம் வைக்க வேண்டுமாம். போர்வை எடுத்துவாருங்கள், விடிகாலையில் பனி இறங்கும்.