புதுப்பிப்பு: ஜெர்மனி விருந்தினருக்குச் சொதி

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஜெர்மனியிலிருந்து வரும் கணவரின் நண்பர்களுக்குக் காரம் குறைவாக இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். ஒருவர் பால், நெய்கூடத் தொடாதவர்.

இடியாப்பமும் திருநெல்வேலிச் சொதியும் செய்யச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. காய்களை மூன்றாம் தேங்காய்ப்பாலில் (மூன்றாவது முறை பிழிந்த நீர்த்த பால்) வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பு சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கினேன். எலுமிச்சைச் சாறு சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். பச்சை மிளகாயைக் கீறி முழுசாகப் போட்டதால் எடுத்து ஒதுக்கச் சுலபமாக இருந்தது. தாளிப்பு தேங்காய் எண்ணெயில்.

எதிர்பாராதது ரசம். எங்களுக்காக வைத்திருந்ததை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அப்புறம் ஒன்று: கடைப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வந்தால் டப்பாவைப் பார்த்துவிடுங்கள்.