காமா உச்சமும் காந்த உச்சமும் ஒத்துவரவில்லை: எதைப் பிடித்துப் பாறைப் படைகளை இணைப்பது?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக வடமேற்குக் கரையோரத் துளைகள் இரண்டிலிருந்து எடுத்த கோர்களை (உருளை வடிவப் பாறை மாதிரிகளை) வைத்துக் கொழும்பில் வேலை செய்கிறேன். பெரும்பகுதி சுண்ணாம்புக்கல், இடையிடையே களியும் மணலும். ஒரு துளையின் படைகளை மற்றதோடு இணைக்க வேண்டும், அதாவது எந்தப் படையும் எந்தப் படையும் ஒரே காலத்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும். காந்த ஏற்புத்திறன் (பாறை எவ்வளவு எளிதாகக் காந்தமாகிறது என்ற அளவு), இயற்கைக் காமா (பாறையிலுள்ள கதிரியக்கப் பொருள்கள் தரும் கதிர்) இரண்டையும் அளந்துவிட்டேன்.

மேலே செம்மண்ணில் காந்த அளவு எகிறுகிறது, காமாவில் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவில் ஒரு மெல்லிய மணற்படையில் இரண்டுமே கூராக உயர்கின்றன. கீழே கறுப்புக் களியில் காமா உயர, காந்தம் விழுந்துவிடுகிறது. மணல் உச்சம் இரண்டு கோரிலும் பளிச்சென்று தெரிவதால் அதையே பிடித்து இணைக்க நினைக்கிறேன். சரியா?

கோட்டை வாசி:
காமாவை மட்டும் வையுங்கள். எண்ணெய்க் கிணறுகளில் முதலில் பார்ப்பது அதைத்தான். காமா கூடினால் களி, குறைந்தால் மணல் அல்லது சுண்ணாம்பு. காந்தம் வீண் குழப்பம்.

தெஹிவளை லாக்காரர்:
தங்கச்சி, அந்த மணல் உச்சத்தைப் பிடிக்க வேண்டாம். பல வருடம் கிணற்று லாக்குகளோடு (துளையின் ஆழத்துக்கு ஆழம் எடுக்கும் அளவுப் பதிவுகளோடு) இருந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

காமா கூடினால் களி என்ற விதி எங்கிருந்து வந்தது? களிக் கனிமங்களில் காமாக் கதிர் தரும் பொற்றாசியம் இருக்கிறது, கதிர் தரும் தோரியமும் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நம் நாட்டுக் கரையோர மணல் வேறு மாதிரி. புல்மோட்டையில் இல்மனைற், பேருவளையில் மோனசைற் என்ற பாரமான கனிமங்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். மோனசைற்றில் தோரியம் நிறைய. இல்மனைற்றும், மக்னதைற் என்ற காந்த இரும்பு ஒட்சைட்டும் காந்த அளவை ஏற்றிவிடும். அலை இலேசான மணலை அள்ளிக்கொண்டு போக, பாரமான இந்தக் கனிமங்கள் கரையில் ஒரு கோடாகத் தங்கிவிடும். உங்கள் மணலில் இரண்டு கருவிகளும் சேர்ந்து உயர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். காமாவை மட்டும் வைத்திருந்தால் அந்த மணலைக் களி என்று எழுதியிருப்பீர்கள். கோட்டை வாசி அண்ணா, காந்தத்தைத் தள்ளிவைக்க முடியாது என்பது இதனால்தான்.

அப்புறம், கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. கடல்மட்டம் மாறும்போது கரையும் நகரும், இந்தக் கறுமணற் கோடும் கூடவே நகரும். ஒரு துளையில் உள்ள கோடும் மற்றத் துளையில் உள்ள கோடும் வெவ்வேறு காலத்தவையாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. பார்க்க ஒரே மாதிரி இருப்பது ஒரே காலம் என்பதற்குச் சாட்சியாகாது.

நான் பிடிப்பது கறுப்புக் களியைத்தான். காமாவும் காந்தமும் அங்கே முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது, ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். ஒட்சிசன் குறைந்த சேற்றில் கடல்நீரில் கரைந்திருந்த யுரேனியம் படிந்து சேதனப் பொருளோடு தங்கும், காமா ஏறும். அதே சேற்றில் மக்னதைற் கரைந்து, இரும்பு பைரைற் என்ற கந்தகக் கனிமமாகிவிடும், காந்தம் விழும். இப்படிப்பட்ட நிலை பரந்த கடலடியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பரவக்கூடியது. இரண்டு துளையிலும் அந்தச் சோடி இருக்கிறதா என்று பாருங்கள்.

செம்மண்ணை இணைப்பிலிருந்து விட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் அளப்பது படிவு நடந்த காலத்தை அல்ல, பிறகு வந்த மண்ணாக்கத்தை. மண்ணில் நுண்ணிய காந்த இரும்பு ஒட்சைட்டுகள் உண்டாகும், பொற்றாசியம் மழையில் கழுவுப்பட்டுப் போகும்.

வெள்ளவத்தை மாணவி:
மிக்க நன்றி அண்ணா. மணலில் மோனசைற் இருக்கிறது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

தெஹிவளை லாக்காரர்:
மொத்தக் காமாவோடு நிற்காமல் கதிர்களை ஆற்றல்வாரியாக, அதாவது நிறமாலையாகப் பிரித்து அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. பொற்றாசியத்தை 1.46, யுரேனியத் தொடரை 1.76, தோரியத் தொடரை 2.61 மெகா இலத்திரன்வோல்ற்றில் எண்ணலாம். களி என்றால் பொற்றாசியமும் தோரியமும் சேர்ந்து ஏறும். மோனசைற் என்றால் தோரியம் தனியே பாயும். கருவி கிடைக்காவிட்டால் ஒரு பிடி மணலைத் தட்டில் கழுவி, அடியில் தங்குவதை உருப்பெருக்கியால் பாருங்கள். கறுப்பு மணிகளுக்கிடையே தேன்நிற மணிகள் தெரிந்தால் மோனசைற்றோ என்று சந்தேகப்படலாம். சாதாரணக் கைக்காந்தம் மக்னதைற்றை இழுக்கும், இல்மனைற்றை அவ்வளவாக இழுக்காது.

ஆய்வுகூடப் பொடியன்:
அளவீடு பற்றி இரண்டு வார்த்தை. சுவரும் தரைக் கருங்கல்லும்கூடக் காமாவைத் தரும், அதனால் கோரை ஈயக் கவசத்துக்குள் வைத்து எண்ணுங்கள், கோர் இல்லாத வெறுங்கவசத்தையும் அதே அளவு நேரம் எண்ணிக் கழியுங்கள். சுண்ணாம்புக்கல்லில் காந்த அளவு பூச்சியத்துக்குக் கீழே போனால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம், கல்சைற்றின் இயல்பே அது. ஆனால் ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் பின்னும் வெறுங்காற்றை அளந்தால்தான் அந்தச் சின்னக் குறை எண்ணை நம்பலாம். கோர் உடைந்த இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

வெள்ளவத்தை மாணவி:
கறுப்புக் களி இரண்டு துளையிலும் இருக்கிறது, ஒன்றில் தடிப்புக் குறைவு. மணலைக் கழுவிப் பார்த்துவிட்டு, களிக்கு மேலும் கீழும் உள்ள சுண்ணாம்பில் நுண்ணிய உயிர்களின் புதைபடிவங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். முடிவை இங்கேயே எழுதுவேன்.