கடைசியில சேர்ந்து வாழுற கே காதல் நாவல்: எதிலிருந்து தொடங்குறது?

நோர்வூட்_வாசகி
ஹட்டன் பக்கம் ஒரு சின்ன வாசிப்பு வட்டம். எல்லாரும் பதினெட்டு தாண்டினவங்க, தமிழ் மீடியம், இங்கிலீஷ் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) அளவுக்குத்தான். ரெண்டு ஆம்பளைங்க காதலிச்சு கடைசியில ஒண்ணா சேருற நாவல் கேக்குறாங்க. தேடினா சாவும் பிரிவுமாத்தான் வருது. நம்ம நாட்டுக் கதைங்கிறதால ‘ஃபனி பாய்’ கொடுக்கலாமா? இன்னொண்ணு, சிலர் வீட்டுல ஒரே போன், எல்லாரும் எடுப்பாங்க. லயத்துப் பக்கம் (தோட்டத்து வரிசை வீடுகள்) சிக்னலும் இல்ல.

கண்டி_புத்தகப்புழு
‘ஃபனி பாய்’ அருமையான புத்தகம், ஆனா நீங்க கேட்டது அது இல்ல. ஷியாம் செல்வதுரை 1994இல வெளியிட்டது. ஒண்ணோட ஒண்ணு தொடர்புள்ள ஆறு கதை. கதை சொல்ற அர்ஜிக்கும் பள்ளித் தோழன் ஷெஹானுக்கும் இடையிலான காதல் பின்பகுதியிலதான் வருது, 83 ஜூலைக் கலவரத்தோட எல்லாம் சிதறிப் போகுது. அவரோட ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ’ (2005) இங்கிலீஷ் லேசு, ஆனா அதுல பையனோட காதல் ஒருதலைதான். ரெண்டையும் இலக்கியமா கொடுங்க, காதல் கதைன்னு சொல்லிக் கொடுத்தீங்கன்னா வாசிச்சவங்க திரும்ப வரமாட்டாங்க.

பரிந்துரையில அடிக்கடி சறுக்குற இடம் இதுதான். கே பாத்திரம் வர்ற நாவல் வேற, கே ரொமான்ஸ் வேற. ரொமான்ஸ்னா ரெண்டு பேரும் சேர்ந்து முடியணும், அது அந்த வகையோட வாக்குறுதி. ‘ஜொவானிஸ் ரூம்’ (1956), ‘த சாங் ஆஃப் அக்கிலீஸ்’ (2011) ரெண்டையும் காதல் பட்டியல்ல போட்டு வைக்கிறாங்க, ரெண்டும் சாவுல போய் முடியுது. முடிவைச் சொன்னா சுவை போயிடுமேன்னு யோசிக்காதீங்க. இந்த வகையில முடிவை முன்கூட்டியே சொல்றதுதான் மரியாதை. குட்ரீட்ஸ்ங்கிற புத்தக விமர்சனத் தளத்துல ஒரு நட்சத்திர, ரெண்டு நட்சத்திர விமர்சனங்களைப் படிங்க. கோபத்துல எழுதுறவங்கதான் முடிவு, துரோகம், கட்டாயப்படுத்துற காட்சி எல்லாத்தையும் மறைக்காம போட்டு உடைப்பாங்க.

மூடுபனி
ஓ.எல். இங்கிலீஷ்னா முதல்ல ‘ஹார்ட்ஸ்டாப்பர்’. ஆலிஸ் ஓஸ்மன் 2016இல இணையத்துல தொடங்கின சித்திரக்கதை. பேச்சு மட்டும்தான், வாக்கியம் குட்டி குட்டி. இணையத்துல காசில்லாமலே சட்டப்படி வாசிக்கலாம். பள்ளிக்கூடக் காதல், முதல் பாகங்கள்ல முத்தத்துக்கு மேல போகாது. ஆனா பிற்பாகங்கள்ல நாயகன் சார்லியோட உணவுக் கோளாறும் தன்னையே காயப்படுத்திக்கிறதும் வருது. கொடுக்கும்போதே சொல்லிடுங்க.

சித்திரக்கதையிலிருந்து நாவலுக்குப் போறப்ப ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்றதில்ல. ரெண்டு பேருமே ‘ஹி’. ‘அவன் அவன் கையைப் பிடிச்சான், அவன் உதறினான்’னு வந்தா யார் பிடிச்சது, யார் உதறினதுன்னு இங்கிலீஷ் பழகாதவங்க மூணாவது வரியிலேயே தொலைஞ்சு போவாங்க. அதனால முதல் நாவல் ‘நான்’ங்கிற இடத்துல இருந்து சொல்ற கதையா இருக்கட்டும். அலெக்ஸிஸ் ஹாலோட ‘பாய்ஃபிரெண்ட் மெட்டீரியல்’ (2020) அப்படி. காதலர்களா நடிக்கப் போய் நிஜமாவே விழுறாங்க. படுக்கையறைக் கதவோட காட்சி நின்னுடும். பிரிட்டிஷ் கிண்டல் நிறைய, எல்லாம் புரியாது, கதை போயிடும்.

‘ரெட், ஒய்ட் அண்ட் ராயல் ப்ளூ’ (2019) அதுக்கு அப்புறம். அமெரிக்க ஜனாதிபதி மகனும் இங்கிலாந்து இளவரசனும், சேர்ந்துதான் முடியும். ஆனா இவங்க காதல் ஊருக்கே அம்பலமாகுற பகுதி இருக்கு. வீட்டுல சொல்லாதவங்களுக்கு அது வயித்தைக் கலக்கும். தேர்தல் அரசியல் அலுப்பா இருந்தா தாராளமா தாண்டலாம்.

நோர்வூட்_வாசகி
நன்றிங்க. படுக்கையறைக் காட்சி எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? தமிழ்ல எதுவும் இருக்கா?

கண்டி_புத்தகப்புழு
விமர்சனத்துல ‘க்ளோஸ்டு டோர்’னு இருந்தா காட்சி கிடையாது, ‘ஓப்பன் டோர்’னா விவரமாவே வரும். அட்டையை நம்பாதீங்க. இப்ப கார்ட்டூன் அட்டை போட்டுத்தான் எல்லாமே வருது, உள்ள என்ன இருக்குன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது.

தமிழ் நாவல்ல கரிச்சான் குஞ்சுவோட ‘பசித்த மானிடம்’ (1978) தன்பாலுறவை மறைக்காம எழுதுது. ஆனா அது தொழுநோயும் பசியும் சேர்ந்த இருட்டு, காதல் கதை இல்ல. பிரதிலிபி, வாட்பேட் மாதிரி இணையக் கதைத் தளங்கள்ல தமிழ்லயே எழுதுறாங்க. தரம் மேலும் கீழுமா இருக்கும். முடிஞ்ச கதையான்னு பார்த்துட்டு மட்டும் கொடுங்க, பாதியில நிக்கிற கதை ஏராளம்.

பண்டாரவளை_அண்ணன்
தங்கச்சி, போன் விசயம் நான் சொல்றேன். வீட்டு ஜிமெயில்ல வாங்கவே வாங்காதீங்க, கூகுளோட பிளே புக்ஸ் நூலகம் அந்தக் கணக்கு இருக்கிற எல்லா போன்லயும் தெரியும். தனி ஈமெயில் திறந்து, அதுல கிண்டில் (அமேசானோட மின்புத்தகச் செயலி) கணக்கு. செயலியோட நோட்டிஃபிகேஷனை அணைச்சிடுங்க, இல்லாட்டி ‘இதுவும் உங்களுக்குப் பிடிக்கும்’னு அட்டைப் படத்தோட மேலே வந்து நிக்கும். பரிந்துரை ஈமெயிலையும் நிறுத்துங்க. போன்ல இருந்து புத்தகத்தை நீக்கினா மட்டும் போதாது, நூலகத்துல பெயர் அப்படியே இருக்கும்; கணக்குப் பக்கத்துக்குப் போய் நிரந்தரமா அழிக்கணும். குட்ரீட்ஸ்ல சொந்தப் பெயரும் படமும் வேணாம். தனி கிண்டில் கருவி வச்சிருந்தா, பூட்டின திரையில அட்டையைக் காட்டுற அமைப்பை அணைச்சு வைங்க.

சிக்னலுக்கு: எழுத்து மட்டும் உள்ள நாவல் ஒண்ணு ரெண்டு எம்பிக்குள்ள அடங்கிடும். சித்திரக்கதை அப்படியில்ல, கனம். டவுனுக்கு வர்றப்ப இறக்கிட்டு, ஒருதடவை திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்க. பாதி இறங்கின கோப்பு லயத்துக்குப் போனப்புறம்தான் பல்லைக் காட்டும். வாங்குறதுக்கு முந்தி மாதிரிப் பகுதி இலவசமா வரும். அதுல ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல்லுக்கு அகராதி தேடுறாங்கன்னு பாருங்க. பத்துக்கு மேல போனா அது அடுத்த வருசத்துப் புத்தகம்.

சட்டம் பத்தி யாராவது பயங்காட்டினா: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவுச் செயலைப் பத்தினவை. நாவல் வாசிக்கிறதைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

மூடுபனி
ஒண்ணு விட்டுப்போச்சு. இங்கிலீஷ் நல்லா வர்றவங்க இருந்தா ஃபோர்ஸ்டரோட ‘மோரிஸ்’. 1913–14இல எழுதினார். ஆணும் ஆணும் உறவு வச்சா அப்ப இங்கிலாந்துல ஜெயில். ரெண்டு பேரும் சேருற மாதிரியே முடிச்சதால, தான் செத்த பிறகுதான் வெளிவரணும்னு வச்சுட்டார், 1971இல வந்துச்சு. நடை பழசு, நடுப்பகுதி இழுக்கும், மோரிஸ் காதலிக்கிற அலெக் வந்தப்புறம் வேகம்.

தாய்லாந்து பிஎல் (‘பாய்ஸ் லவ்’, ஆண்-ஆண் காதல்) தொடர் பார்த்துட்டு அந்த நாவல் கேக்குறவங்களும் வருவாங்க. கண்ணை மூடிட்டுக் கொடுக்காதீங்க. சிலதுல சம்மதம் இல்லாத காட்சியைக் காதல்னு எழுதி வச்சிருக்காங்க. நாடகத்துல வெட்டினது மூலக்கதையில அப்படியே இருக்கும்.