எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறது

மூன்று மாதமாக எங்கள் வீட்டு மின்சாரச் செலவு மாதம் 180 யூனிட்டிலிருந்து 225க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. புதிதாக எந்தச் சாதனமும் வாங்கவில்லை. டிவி, சார்ஜர் எல்லாம் சுவிட்சிலேயே அணைக்கிறோம், ஏசி 26 டிகிரிக்குக் கீழே போவதில்லை. பிரிட்ஜ் கதவு ரப்பரில் காகிதம் வைத்து இழுத்தும் பார்த்தாயிற்று, இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று இரவு பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச்சோடு மீட்டர் முன் நின்றேன். சிவப்பு விளக்கு 20 நொடிக்கு ஒருமுறை மினுங்கியது. 3200 மினுங்கலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 56 வாட், அதாவது மாதம் 40 யூனிட்! அப்புறம் எம்சிபிகளை (மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கினேன். இன்வெர்ட்டர் லைனை இறக்கியதும் மினுங்கல் நின்றது.

இன்வெர்ட்டர் 900 விஏ, பேட்டரி 150 ஏஎச் டியூபுலர், வாங்கி 5 வருடம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மின்வெட்டே இல்லாத வாரத்திலும் பேட்டரியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. முன்பு நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர் இப்போது மாதாமாதம் தேவைப்படுகிறது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை.

சார்ஜ் முழுதாக இருக்கும்போதும் இப்படி இழுப்பது பேட்டரியாலா, இன்வெர்ட்டரின் சார்ஜிங் கோளாறாலா என்பதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?