எம்எஸ் அசதிக்குக் குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன்: டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி:
எனக்கு எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) வந்து ஆறு வருடம். புதிய தாக்குதல் எதுவும் இல்லை, ஆனால் அசதி ஆளையே தின்கிறது. நால்ட்ரெக்ஸோன் பற்றிப் படித்துவிட்டு நியூராலஜிஸ்ட்டிடம் கேட்டால், "அது குடியை நிறுத்தக் கொடுக்கும் மருந்து, எம்எஸ்-க்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

பதில் 1:
அனுமதி இல்லை என்றால் எழுதவே கூடாது என்று அர்த்தமில்லைங்க. இதே அசதிக்குத் தரும் அமன்டடின், மொடாஃபினில்கூட ஆஃப்-லேபிள்தான், அதாவது அனுமதி இல்லாத பயன்பாட்டுக்கு டாக்டர் எழுதித் தருவதுதான். "இப்போதைய எம்எஸ் மருந்தை நிறுத்த மாட்டேன், கூடவே மூன்று மாதம் பார்க்கிறேன், பலன் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்" என்று சொன்ன பிறகுதான் என் டாக்டர் இறங்கி வந்தார். வழக்கமான மாத்திரை 50 மி.கி., இதற்கோ 1.5 முதல் 4.5 மி.கி. வரைதான், அதனால் அளவுக்கேற்பத் தயாரித்துத் தரும் பார்மசி வேண்டும். வீட்டில் மாத்திரையை உடைத்து அளக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பதில் 2:
ட்ரமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை எடுக்கிறீர்களா? அதுவும் நால்ட்ரெக்ஸோனும் சேரவே கூடாது.

பதில் 3:
ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். நடந்த ஆய்வுகள் சின்னவை, ஒன்றில் மனநிலை சார்ந்த வாழ்க்கைத்தரம் கொஞ்சம் கூடியது, இன்னொன்றில் பெரிய வித்தியாசமே இல்லை. எனக்கு முதல் வாரம் விசித்திரமான கனவுகள், அப்புறம் அசதி பழையபடியேதான். தைராய்டு, ரத்தசோகை, தூக்கம் எல்லாம் பார்த்தார்களா?

கேள்வி கேட்டவர்:
ஐயோ, ட்ரமடால் எடுக்கிறேன். அதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.