பொறியியல் கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தால் சீட்டுக்கு உதவுமா?

பாலக்கோடு, பள்ளி ஆசிரியர்:
அரசு கவுன்சலிங்கில் கிடைக்கும் சீட்டுக்கு அது உதவாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, அதிலிருந்து ரேங்க், அப்புறம் இடஒதுக்கீடு. செட்டிக்கரை, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கும் இதே கணக்குதான். முதல்வரையே பார்த்துவிட்டு வந்தாலும் ரேங்க் நகராது. அமெரிக்காவில் சில தனியார் கல்லூரிகள் நேரில் வந்து பார்த்ததை மாணவரின் ஆர்வமாகக் கணக்கில் எடுக்கின்றன. அதைக் கேட்டுவிட்டு இங்கே அலைய வேண்டாம்.

கிருஷ்ணகிரி, சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கவுன்சலிங்கில் விரும்பும் கல்லூரி, பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவதற்கு) உதவுபவர்:
சார் சொன்னது சரி. ஆனால் போய்ப் பார்த்தவர்களின் சாய்ஸ் லிஸ்டே வேற மாதிரி இருக்கும். லிஸ்டில் மேலிருந்து கீழாகத்தான் சீட் தேடும். வரிசை தப்பினால் நல்ல ரேங்கும் வீண். "இதுதான் கிடைக்கும்" என்று நினைப்பதை முதலில் போட்டு நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பிடித்ததை மேலே போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத் தானாக இறங்கும்.

எது பிடித்தது என்று முடிவு செய்யத்தான் நேரில் போக வேண்டும். வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மெக்கானிக்கல் என்றால் ஒர்க்‌ஷாப்புக்குள் விடச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் புதுசாகச் சீவின இரும்புச் சுருள் கிடந்தால் மெஷின் ஓடுகிறது. இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் துரு ஏறி, மேலே பிளாஸ்டிக் கவர் மூடியிருந்தால் அது காட்சிக்கு வைத்தது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் தர அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான், கல்லூரி முழுமைக்கும் இல்லை. நீங்கள் கேட்கும் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த வருஷம் வரை என்று சான்றிதழிலேயே பாருங்கள்.

ஹாஸ்டலில் குடிக்க ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று கேட்காமல் வராதீர்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பிரச்சினை உண்டு. போர்வெல் என்றால் ஆர்ஓ சுத்திகரிப்பு இருக்கிறதா, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று வார்டனிடம் இல்லை, மாணவர்களிடம் விசாரியுங்கள்.

தருமபுரி, தனியார் கல்லூரி அட்மிஷன் வேலை தெரிந்தவர்:
கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் மட்டும் நேரில் போனால்தான் பேச்சே நடக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். சுற்றிக் காட்டி முடித்ததும் "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி" என்பார்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டை விட்டுவிட்டு வரவே கூடாது. கவுன்சலிங்கில் வேறு கல்லூரி கிடைத்தால் அதைத் திரும்ப வாங்குவதற்குள் சேரும் தேதி போய்விடும். வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. பணம் கட்டும் முன்பே அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.